சைக்கிளை விட்டு இறங்குதல்

1941ஆம் ஆண்டு மலாயாவின் கிள்ளான் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த தமிழ்த் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் பெரும்பாலானவை நாம் எதிர்பார்ப்பவைதாம். சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் கூலி தங்களுக்கும் வேண்டும், பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி வேண்டும், மருத்துவ வசதி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், பெண்களிடம் அதிகாரிகள் தவறாக நடப்பது நிற்க வேண்டும். இவற்றின் நடுவே இன்னொன்றும் இருந்தது. வழியில் துரையையோ தோட்ட அலுவலரையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும் என்றார்கள்.

அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன். மே மாதத்தில் அவரைக் கைது செய்து பின்னர் இந்தியாவுக்கு நாடுகடத்தினார்கள். கிள்ளான் இருக்கும் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. படை இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டார்கள்.

வரலாற்று நூல்கள் சைக்கிள் கோரிக்கையை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கூலிக் கணக்குக்குப் போய்விடுகின்றன. எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. ஐந்து காசுக்கும் பத்துக் காசுக்கும் போராடிக்கொண்டிருந்தவர்கள், ஒரு காசும் பெறாத ஓர் உடலசைவைக் கோரிக்கைத் தாளில் ஏன் ஏற்றினார்கள்? இறங்குவதற்குச் செலவில்லை. அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் சைக்கிளில் போகும்போது ஒரு மனிதன் நிமிர்ந்து இருக்கிறான். தன் உழைப்பில் மிச்சம் பிடித்து வாங்கிய ஒன்றின் மேல் இருக்கிறான். அந்த உயரத்திலிருந்து நாள்தோறும் தானே இறங்கித் தன்னைத் தாழ்த்திக் காட்ட வேண்டும். அதை மறுக்க முடியாது. இறங்குவதைவிட மறுக்க முடியாததுதான் அவர்களை வதைத்தது என்று நினைக்கிறேன்.

இந்தக் கேள்வியோடு நான் படிக்கப் போன இடங்களில் ஒன்று தோட்டத்துக்குக் கொஞ்சமும் ஒட்டாதது. பி.டி.எஸ்.எம். என்று உலகெங்கும் அறியப்படும் சமூகம் அது. ஆளுதலும் பணிதலும், கட்டுவதும் கட்டப்படுவதும், வலி கொடுப்பதும் ஏற்பதும் எனச் சில உறவுகளை வயதுவந்தவர்கள் தங்களுக்குள் பேசி, ஒப்புக்கொண்டு நடத்துகிறார்கள். தமிழில் இப்பேச்சு எழுந்தால் கிசுகிசுவாகவோ வசையாகவோ முடிந்துவிடுகிறது. அதனால் அங்கே இருக்கும் ஒரு விஷயம் நம் கண்ணில் படுவதில்லை. யார் யாரை எந்தச் சொல்லால் அழைக்கலாம், எப்போது அழைக்கலாம், அந்தச் சொல்லை யார் நிறுத்தலாம் என்று அவர்கள் பல பத்தாண்டுகளாக உட்கார்ந்து விதி வகுத்திருக்கிறார்கள். அந்த விதிகளைப் படித்தபோது எனக்கு மலாக்காத் தோட்டங்கள்தாம் நினைவில் ஓடின. மரியாதைச் சொல்லின் தன்மை அந்தச் சொல்லுக்குள் இல்லை, அதைச் சொல்பவருக்குச் சொல்லாமல் இருக்க வழி உண்டா என்பதில் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் நான் காட்ட விரும்புவது அவ்வளவுதான்.

முதலில் தோட்டம். மலாயாவில் ரப்பர் வணிகப் பயிராக வேர்விட்டது மலாக்காவில்தான். 1896இல் டான் சே யான் என்ற பாபா சீனர் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். பின்பு புக்கிட் அசஹானில் பெரும்பரப்பில் நட்டார். சில ஆண்டுகளிலேயே அது ஆங்கிலேய நிறுவனத்தின் கைக்குப் போனது. ஆக மலாக்காவின் முதல் ரப்பர் முதலாளியைத் தமிழர் ‘துரை’ என்று அழைத்திருக்க மாட்டார்கள். சீன முதலாளிக்குத் ‘தவுக்கே’ என்று தனிச்சொல் இருந்தது. துரை என்பது வெள்ளைத் தோலுக்கு ஒதுக்கப்பட்ட சொல். ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ், தெபோங் எனத் தோட்டங்கள் பரவியபோது அந்தச் சொல்லும் உடன் பரவியது.

துரை என்ற சொல்லைத் தெலுங்கின் ‘தொர’ என்பதோடு இணைப்பார்கள். பாளையக்காரர் காலத்துச் சிற்றரசருக்கு உரிய பட்டம் அது. கம்பெனி ஆட்சியில் வெள்ளைக்காரருக்கு மாறி, கப்பலேறித் தோட்டத்துக்கு வந்தது. இங்கே அது ஏணியாக விரிந்தது. உச்சியில் பெரிய துரை, அடுத்துச் சின்ன துரை. பங்களாவில் துரைசாணி. ஆபீசில் கிராணி. அவருக்குக் கீழே கங்காணியும் தண்டலும் மண்டோரும். மண்டோர் என்பது போர்த்துகீசிய மூலத்திலிருந்து மலாய் வழியாக வந்த சொல். கிராணி வட இந்திய மொழிகளின் வழியாக வந்து மலாயிலும் ‘கெராணி’யாக உட்கார்ந்துவிட்டது. ஒரு தோட்டத்து அதிகார அடுக்கைக் கூப்பிட நான்கைந்து மொழிகள் வேண்டியிருந்தன. அடியில் இருந்தவருக்குச் சொல் தமிழிலேயே கிடைத்தது: கூலி.

அந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தமிழில் கூலி என்பது வேலைக்குக் கிடைக்கும் ஊதியம். ஆளின் பெயர் இல்லை. காலனிய நாவில் அது ஆளையே குறிக்கும் பெயராயிற்று. இச்சொல்லின் பிறப்பிடம் குஜராத்தின் ஒரு சாதிப் பெயர் என்போரும் உண்டு. எதுவாயினும் தமிழன் காதில் அது தான் வாங்கும் சில்லறையின் பெயராகத்தான் விழுந்திருக்கும். தோட்ட நிர்வாகிகள் தமிழ் கற்கக் கையேடுகள் வந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் வெளியான ஒன்றின் தலைப்பே ‘கூலித் தமிழ்’. மலாயாவில் 1919இல் உருவான தோட்டக்காரர் சங்கம் தன் உறுப்பினர்களுக்குத் தமிழ்த் தேர்வும் நடத்தியது. இவ்வகைக் கையேடுகளின் தமிழில் ஏவல் வினையே மிகுதி. போ, வா, வெட்டு, நிறுத்து. நூற்றாண்டுகளாக நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று படிப்படியாக மரியாதையைச் செதுக்கி வைத்திருந்த மொழியிலிருந்து, துரை கற்க வேண்டியதாக இருந்தது ‘நீ’ ஒன்றுதான்.

மறுபக்கத்திலிருந்து பேசியவருக்கு ‘நீங்கள்’கூடப் போதவில்லை. துரையின் முகத்துக்கு நேராகவே அவரைப் படர்க்கையில் வைத்து, ‘துரை சொன்னா சரிங்க’ என்றுதான் பேச வேண்டும். முன்னிலைச் சொல்லே தொட அஞ்சும் பொருளாகிவிட்டது. இந்த இலக்கணத்தைத் தோட்டம் புதிதாகக் கற்பிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கப்பலேறி வந்தவர்களில் கணிசமானோர் ஆதிதிராவிடர். தஞ்சையிலும் தென்னார்க்காட்டிலும் நிலவுடைமையாளரை ‘ஆண்டே’ என்றும் ‘சாமி’ என்றும் அழைத்து, தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர்கள். பினாங்கில் இறங்கியபோது ஆண்டே போய்த் துரை வந்தார். உடல் ஏற்கெனவே பழகியிருந்தது. அந்தப் பழக்கத்தின் மேல்தான் தோட்ட ஒழுங்கு கட்டப்பட்டது.

கங்காணியின் இடம் இதைவிடச் சிக்கலானது. அவர் தன் ஊரிலிருந்தும் சுற்றத்திலிருந்தும் ஆள் திரட்டி வந்தவர். ஆகவே அவரை மாமா என்றும் அண்ணன் என்றும் சித்தப்பா என்றும் அழைத்தார்கள். அதே மாமாவுக்கு, அன்றாடம் வேலைக்கு வந்தவர்களின் எண்ணிக்கைப்படித் தலைக்காசு உண்டு. ஒருவன் காய்ச்சலில் படுத்தால் மாமாவின் வருமானம் குறையும். ‘இன்னைக்கு முடியலை மாமா’ என்று ஒருவன் சொல்லும்போது அவன் உறவினரிடம் சொல்கிறானா, முதலாளியின் கையாளிடம் சொல்கிறானா? துரையின் பட்டம் குறைந்தபட்சம் நேர்மையானது. எங்கே அதிகாரம் இருக்கிறதோ அங்கே அது நின்றது. உறவுச் சொல் அதிகாரத்தை மூடி வைத்தது. முகம் தெரிந்த அதிகாரத்தை எதிர்ப்பதைவிட அன்பின் முகமூடி போட்டதை எதிர்ப்பது கடினம். 1960களின் தொடக்கத்தில் மலாயத் தோட்டம் ஒன்றில் தங்கி ஆராய்ந்து 1970இல் நூல் வெளியிட்ட மானுடவியலாளர் ரவீந்திர ஜெயின், வேலை, வீடு, கோவில், கடை எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ் அடங்கிய முழுமையான அமைப்பாகவே தோட்டத்தைப் பார்த்தார். காலையில் பெரட்டு என்னும் அணிவகுப்பில் பெயர் கூப்பிடும் அதே அதிகாரம் மாலையில் லயம் என்னும் குடியிருப்பு வரிசைக்கும் வரும். பாத்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாது, வீடும் துரையுடையது.

உறவுச் சொல் பதவிப் பெயரானதற்கு மலாயா நகரங்களில் இன்னொரு சான்றும் உண்டு. ஆபீசில் தேநீர் வாங்கி வரவும் கடிதம் கொண்டு போகவும் இருந்த இந்தியப் பணியாளரை எல்லா இனத்தவரும் ‘தம்பி’ என்றார்கள். நரைத்த தலையோடும் அவர் தம்பிதான். இன்று மலாய் நண்பர்கள் தமிழ்க் கடைக்காரரை ‘அண்ணே’ என்று கூப்பிடும்போது அதில் இனிமை இருக்கிறது. அந்த இனிமைக்குப் பின்னால் ‘தம்பி’ நடந்து வந்த தூரம் இருக்கிறது.

மலாக்காவில் பட்டங்களின் கதை ரப்பருக்கு மிகவும் முந்தியது. 1748இல் கட்டப்பட்ட கம்போங் கிளிங் பள்ளிவாசல் இன்றும் ஜாலான் துக்காங் எமாஸில் நிற்கிறது. கலிங்கத்திலிருந்து வந்த ‘கிளிங்’ என்ற சொல் ஒரு காலத்தில் தென்னிந்திய வணிகரைச் சுட்டிய வெறும் அடையாளம். தோட்டக் காலத்துக்குப் பின் அது வசையாகிவிட்டது. சொல் மாறவில்லை, சொல்லப்படுகிறவரின் நிலை மாறியது. போர்த்துகீசியர் 1511இல் நகரைப் பிடித்தபோது இங்கிருந்த தமிழ் வணிகத் தலைவர்களை அவர்களின் ஆவணங்கள் ‘நைனா’ என்ற மரியாதைப் பட்டத்தோடு குறிக்கின்றன. அவர்களில் நைனா சட்டு புதிய ஆட்சியாளருக்கு உதவி, பெண்டஹாரா என்ற தலைமைப் பதவியைப் பெற்றார். 1514இல் அப்பதவியைப் பறித்து வேறொருவருக்குக் கொடுத்தபோது, சந்தனக் கட்டையால் சிதை அடுக்கச் செய்து, அலங்கரித்துக்கொண்டு, அதில் தானே ஏறி மாண்டார் என்று போர்த்துகீசியர் எழுதி வைத்தனர். செல்வம் போகவில்லை. போனது அவர் அழைக்கப்பட்ட முறை. பிறர் கொடுத்த பட்டத்தைப் பிறர் எடுத்துக்கொள்ளலாம் என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

மலாக்கா சுல்தானகத்தின் வரலாற்றைச் சொல்லும் ‘செஜாரா மெலாயு’வில் இதற்கெல்லாம் அடிப்படையான ஓர் ஒப்பந்தம் வருகிறது. நம் ஊரில் இதைப் பற்றிப் போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் ஆதங்கம். மன்னர் குலத்தின் முன்னோன் ஸ்ரீ திரி புவனாவும், பலெம்பாங் தலைவர் டெமாங் லெபார் டாவுனும் எதிரெதிரே அமர்ந்து பேசுகிறார்கள். டெமாங் தன் வழிவந்தோர் அனைவரும் மன்னருக்குப் பணிவார்கள் என்கிறார். ஆனால் நிபந்தனை வைக்கிறார். அவர்கள் எவ்வளவு பெரிய குற்றம் செய்தாலும் மன்னர் அவர்களை இழிவுபடுத்தக் கூடாது, தகாத சொல்லால் ஏசக் கூடாது. குற்றம் சாவுக்கு உரியது என்றால் சட்டப்படி கொல்லலாம். அவமதிக்கக் கூடாது. மன்னர் ஏற்கிறார், பதிலுக்குக் குடிகள் ஒருபோதும் துரோகம் செய்யக் கூடாது என்று கேட்கிறார். மன்னர் தரப்பு வாக்கைத் தவறவிட்டால் குடிகளும் தவறவிடுவார்கள் என்று டெமாங் முடிக்கிறார்.

உயிரைக் கொடுக்கத் தயார், மானத்தைக் கொடுக்க மாட்டேன் என்று எல்லை குறித்த பணிவு இது. அவையில் குடிகள் தம்மைத் தாழ்த்திக்கொள்ளும் சொற்களுக்குக் குறைவில்லை. மன்னரைக் குறிக்கும் ‘டூலி’ என்ற சொல்லே திருவடித் தூளியைத்தான் சுட்டுகிறது, தமிழ்க் காதுக்கு அது உடனே புரியும். ‘ஹம்பா’ என்றால் அடிமை, நான் என்பதற்கும் அதுவே. அப்படிப்பட்ட அவையின் நூலே பணிகிறவரின் நிபந்தனையைத் தொடக்கத்தில் வைத்தது. நடைமுறை வேறாக இருந்தது என்பதும் அதே நூலில் இருக்கிறது. தமிழ் முஸ்லிம் வழிவந்த பெண்டஹாரா துன் முத்தாஹிர் மீது பழி விழுந்தபோது, சுல்தான் மஹ்மூத் விசாரணையின்றி அவரையும் குடும்பத்தையும் கொல்ல ஆணையிட்டார். எதிர்க்கத் தயாராக இருந்த உறவினரைத் தடுத்துவிட்டு முத்தாஹிர் மரணத்தை ஏற்றார். ஒப்பந்தத்தில் தன் பங்கை அவர் கடைசிவரை காத்தார். மறுபங்கு உடைந்தது. சிறிது காலத்தில் மலாக்காவும் விழுந்தது.

இனி பி.டி.எஸ்.எம். சமூகத்துக்கு வருகிறேன். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்க நகரங்களில் தோலாடை அணிந்த தன்பால் ஈர்ப்பு ஆண்களின் குழுக்களில் இதன் பொது மரியாதைகள் உருவாயின. லாரி டவுன்செண்ட் 1972இல் அந்த உலகத்துக்கு ஒரு கையேடு எழுதினார். 1978இல் சான் பிரான்சிஸ்கோவில் பெண்கள் ‘சாமோய்ஸ்’ என்ற குழுவைத் தொடங்கினர். பாதுகாப்பு, தெளிந்த மனம், சம்மதம் என்ற மூன்று சொற்களும் ஒரே முழக்கமாகச் சேர்ந்தது 1983இல் நியூயார்க்கில். இன்று இந்தியாவிலும் கிங்கி கலெக்டிவ் போன்ற குழுக்கள் சம்மதத்தை மையமாக வைத்து இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகின்றன.

அழைப்பு முறையில் இவர்கள் காட்டும் நுணுக்கம் வியப்பூட்டுவது. ஆளும் பாத்திரத்தை ஏற்பவருக்கு சர், மாஸ்டர், மிஸ்ட்ரஸ் போன்ற பட்டங்கள் உண்டு. ஆங்கிலத்தில் எழுதும்போது சிலர் அவருடைய பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கி, பணிகிறவர் தன்னைக் குறிக்கும் ‘ஐ’யைக்கூடச் சின்ன எழுத்தில் எழுதுவார்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வேறுபாடு இல்லாத தமிழில் இதைச் செய்ய முடியாது. தமிழுக்குத் தேவையும் இல்லை, நம் வினைமுற்றுகளே அந்த வேலையைச் செய்துவிடும். ‘வா’வுக்கும் ‘வாருங்கள்’ என்பதற்கும் இடையே ஒரு முழுச் சமூகம் நிற்கிறது.

இந்தப் பட்டங்களைச் சுற்றியுள்ள விதிகள்தாம் என்னைப் பிடித்து நிறுத்தின. ஒருவர் தன்னை மாஸ்டர் என்று சொல்லிக்கொண்டால், அதனால் மட்டும் முன்பின் அறியாத யாரும் அவரை அப்படி அழைக்கக் கடமைப்பட்டவர் ஆவதில்லை. பட்டம் இருவருக்கிடையே பிறக்கிறது. அந்த இருவருக்கு வெளியே அதற்கு எடை இல்லை. பணியும் பாத்திரத்தில் இருக்கும் ஒருவரைப் பார்த்து அவருடைய துணை அல்லாத மூன்றாமவர் ஆணையிடுவது அநாகரிகம். அவர் பணிகிறவர்தான், எல்லோருக்கும் பணிகிறவர் அல்லர். ஒருவர் பணிவின் அடையாளமாகக் கழுத்தில் காலர் அணிந்திருப்பதைப் பார்த்து அவரைத் தொடக் கூடாது, கேட்காமல் யாரையும் தொடக் கூடாது. ஒருவரின் உண்மைப் பெயரை இன்னொருவரிடம் வெளியிடக் கூடாது. உணவகங்களில் சாதாரண உடையில் கூடிப் பேசும் ‘மஞ்ச்’ என்ற சந்திப்புகளில் பட்டங்களைத் தவிர்ப்பதே பெரும்பாலும் வழக்கம். ஏனென்றால் பக்கத்து மேசைக்காரரும் பரிமாறுகிறவரும் இந்த உறவுக்குள் வரச் சம்மதிக்கவில்லை. பார்வையாளரின் சம்மதத்தையும் கணக்கில் எடுக்கும் இந்த நாகரிகத்தை வேறு எங்கும் இவ்வளவு தெளிவாக நான் பார்க்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக நிறுத்தும் சொல். தொடங்கும் முன்பே இருவரும் ஒரு சொல்லைக் குறித்துக்கொள்கிறார்கள். பலர் போக்குவரத்து விளக்கின் நிறங்களை வைத்துக்கொள்கிறார்கள். பச்சை என்றால் தொடரலாம், மஞ்சள் என்றால் தணிக்க வேண்டும், சிவப்பு என்றால் அக்கணமே நிற்க வேண்டும். அந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், காரணம் கூற வேண்டியதில்லை. அது வாயிலிருந்து வந்ததும் மாஸ்டர் என்ற பட்டம் பயனற்றுப் போகிறது. இருவரும் பெயரும் உடலும் உள்ள இரு மனிதர்களாகத் திரும்பி, தண்ணீர் கொடுத்து, நலம் விசாரித்து, பக்கத்தில் உட்கார்கிறார்கள். அந்தப் பராமரிப்பும் விதியின் பகுதி.

தோட்டத்தில் இல்லாமல் போனது இந்தச் சொல்தான். கங்காணியிடம் சொல்ல ‘சிவப்பு’ இல்லை. துரையிடம் சொல்ல இல்லை. 1941இல் பலர் சேர்ந்து அதைச் சொன்னபோது துப்பாக்கி பதில் சொன்னது.

ஒரு மறுப்பு எழும், அது நியாயமானது. தோட்டத் தொழிலாளியும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துத்தானே வந்தார்? ஆம், வைத்தார். எழுத்தறிவற்ற ஒருவர், பஞ்சத்தில், படிக்க முடியாத தாளில் வைத்த கைநாட்டு அது. ஓடிப்போனால் தண்டனை உண்டு. ஒப்பந்த முறையில் ஆள் சேர்ப்பது 1910இல் நின்றது. கங்காணி வழியாக வந்தவர் சட்டப்படி சுதந்திரர், முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம். ஆனால் கங்காணியிடம் பட்ட கடன், ஒரே நிர்வாகத்தின் வீடு, ஊருக்குத் திரும்பக் கப்பல் கூலி, இவை சேர்ந்து அந்த உரிமையைத் தாளோடு நிறுத்தின. தொடங்கும்போது சரி என்று சொன்னதால் மட்டும் ஓர் உறவு சம்மதமாகிவிடாது என்பதை பி.டி.எஸ்.எம். சமூகத்தின் அனுபவசாலிகள் புதியவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். நேற்றுக் கொடுத்த சம்மதம் இன்றைக்குச் செல்லாது. காலனிய ஆட்சி ஒரு கைநாட்டை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டியது.

அந்தச் சமூகத்தைக் குறையற்றதாக நான் காட்ட விரும்பவில்லை. பட்டத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு புதியவர்களைச் சுரண்டுவோர் அங்கேயும் உண்டு, ‘நீ பணிகிறவள்தானே, கேள்வி கேட்காதே’ என்போர் உண்டு. அதனால்தான் சம்மதம் குறித்த கல்விக்கும் சட்டப் பாதுகாப்புக்கும் அமெரிக்காவில் 1997இல் தேசியக் கூட்டணி ஒன்றையே அமைக்க வேண்டியிருந்தது. மாஸ்டர், ஸ்லேவ் என்ற சொற்களே அங்கே கறுப்பினத்தவரிடம் வேறு எடையோடு விழுகின்றன. பருத்தித் தோட்டத்தில் முன்னோர் உண்மையாகவே அனுபவித்த சொல்லை, ஒருவர் விரும்பித் தேர்ந்த பாத்திரத்துக்கு வைக்கலாமா என்று அவர்களுக்குள்ளேயே கடும் விவாதம் நடந்திருக்கிறது. சிலர் அந்தச் சொல்லைத் தொடுவதில்லை. சிலர் தம் கையால் எடுத்துத் தம் எல்லைக்குள் வைத்தால்தான் அதன் நஞ்சு இறங்கும் என்கிறார்கள். ‘துரை’ என்ற சொல்லைக் கேட்கும்போது தோட்டத்துப் பேரப்பிள்ளைகளுக்கு என்ன நேர்கிறது என்று நாமும் ஒருநாள் பேச வேண்டியிருக்கும். இன்று அது பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர். யாரும் முகம் சுளிப்பதில்லை.

விரும்பி ஏற்ற அடிமைத்தனம் தமிழுக்கு அந்நியம் இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ‘அடியேன்’ என்று வைணவர் இன்றும் தம்மைச் சொல்லிக்கொள்கிறார்கள். அடியார், தொண்டர், தாசர் எல்லாம் பணிவின் பட்டங்கள்தாம். சேக்கிழார் சொல்லும் சுந்தரர் கதையில் ஓர் அடிமை ஓலையே வருகிறது. மணப்பந்தலில் முதியவர் ஒருவர் வந்து, உன் பாட்டன் எனக்கு அடிமை ஓலை எழுதிக் கொடுத்திருக்கிறான், நீ என் ஆள் என்கிறார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. கையெழுத்தை ஒப்பிட்டு ஓலை செல்லும் என்று தீர்க்கிறார்கள். பாட்டன் எழுதியதைப் பேரன் சுமப்பது இன்றைய கண்ணுக்கு உறுத்தும். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. சுந்தரர் ஆண்டவனைப் ‘பித்தா’ என்று ஏசினார். ஆண்டவன் அந்த ஏச்சையே பாட்டின் முதற்சொல்லாக்கப் பணித்தான். அடிமைக்கு வன்தொண்டர் என்ற பெயரும், தம்பிரான் தோழர் என்ற பெயரும் கிடைத்தன. ஆண்டவனைத் திட்டலாம், தூது அனுப்பலாம், கோபித்துக்கொள்ளலாம். திட்டும் உரிமையோடு கூடிய அடிமைத்தனம் அது. தோட்டத்தில் அப்படி ஒருவன் துரையைப் பித்தா என்றிருந்தால் மறுநாள் அவன் மூட்டை லயத்துக்கு வெளியே கிடந்திருக்கும்.

மலாக்காவில் இந்தச் சொற்கள் எல்லாம் ஒன்றாகக் கூடும் நாள் மாசி மகம். ஜாலான் துக்காங் எமாஸில் 1781இல் மலாக்காச் செட்டிகள் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோவிலிலிருந்து வெள்ளித் தேர் புறப்பட்டு, செங் பக்கம் சன்னாசிமலை ஆண்டவர் கோவிலுக்குப் போகும். அந்தச் செட்டிகளே மாரியம்மனை மலாய் மொழியில் ‘டத்தோ சாச்சார்’ என்று அழைத்து விழா எடுப்பவர்கள். அம்மைநோயின் பெயரோடு பெரியவர் என்ற பட்டத்தைச் சேர்த்து, அரசு டத்தோ பட்டம் கொடுக்கும் காலத்துக்கு முன்பே அன்னைக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள். இன்று நம் மேடைகளில் டத்தோ, டத்தோ ஸ்ரீ எல்லோரையும் வரிசை பிசகாமல் விளிப்பதற்கே கால் மணி நேரம் போய்விடுகிறது. ஒருவர் பெயர் விட்டுப்போனால் வரும் மனக்கசப்பை அறிவிப்பாளர்கள் அறிவார்கள். நைனா சட்டுவின் ஊர் இது.

இத்தகைய திருநாட்களில் காவடி எடுப்பதையும் பி.டி.எஸ்.எம். உறவையும் நான் சமப்படுத்தவில்லை. ஒன்று நேர்த்தி, இன்னொன்று இருவருக்கிடையேயான நெருக்கம். நோக்கமும் உணர்வும் வேறு. ஆனால் அழைப்பின் இலக்கணத்தில் ஓர் ஒற்றுமை இருக்கிறது, அதைக் கண்டும் காணாமல் விட மனம் வரவில்லை. காவடி எடுப்பவர் தானே நேர்ந்துகொள்கிறார். எத்தனை நாள் விரதம் என்று தொடக்கத்திலேயே குறிக்கப்படுகிறது. அனுபவமுள்ள ஒருவர் பக்கத்திலேயே இருந்து அலகு குத்தி, நடை தளர்ந்தால் பிடித்து, முடிந்ததும் திருநீறு இட்டு அலகைக் கழற்றுகிறார். மாலை போட்ட நாளிலிருந்து அவரை எல்லோரும் ‘சாமி’ என்கிறார்கள். பெற்ற தாய் சாமி என்கிறாள். தண்டலும் சாமி என்றுதான் சொல்ல வேண்டும். தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழாவில் துரைக்கு மாலை போட்டு முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். ஆனால் அந்த நேரத்தில் வேல் தாங்கி வருகிறவருக்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டியவர் துரைதான். ஊரில் ஆண்டேயிடம் கொடுத்த அதே ‘சாமி’ என்ற சொல்லைத் தோட்டத்துக் கூலி சில நாட்களுக்குத் தன் உடம்பின் மேல் வாங்கிக்கொண்டார்.

விரதம் முடிந்து மாலையைக் கழற்றியதும் அந்தச் சொல்லும் இறங்கிவிடும். மறுநாள் இருட்டு விலகும் முன்பே பெரட்டுக் களத்தில் தண்டல் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டை விரித்துப் பெயர் கூப்பிடுவார். கன்னத்தில் அலகு குத்திய தழும்பில் திருநீறு இன்னும் ஒட்டியிருக்க, அவர் வரிசையில் நின்று பதில் சொல்வார். பின்பு சைக்கிளை எடுத்துக்கொண்டு ரப்பர் மர நிரைக்குப் போவார். வழியில் துரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் இறங்கி நிற்பார்.